நிறத்தை எடுத்தவர்கள் நாங்கள்

மரக்காணம் உப்பளத்தில் போன பருவத்தில் நாங்கள் எடுத்த 36 படங்களிலிருந்தும் நிறத்தை எடுத்துவிட்டோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. கைபேசியில் ஒரு பொத்தான், படத்துக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தில் என்ன செய்தோம் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இந்தப் பதிவைச் சுயவிமர்சனம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

நாங்கள் மூன்று பேர். மூவரும் விழுப்புரம் மாவட்டத்துக் காலனிகளில் பிறந்தவர்கள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு இந்தக் கடற்கரை ஊர்களில் களப்பணி செய்கிறோம். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும் தவறு மூவருடையது. அதனால்தான் 'நாங்கள்'.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரம் தெரியும் வெள்ளைக் குவியல்கள். இறங்கி நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விடுவார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது வேறு. வருடத் தொடக்கத்தில் பாத்தி மிதித்துச் சரிசெய்வதில் ஆரம்பித்து, மழை வரும்வரை வேலை. இருட்டோடு எழுந்து போய், வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை உப்பு வாரிவிட வேண்டும். பெரும்பாலும் வெறுங்கால். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, அதற்குமேல் உப்புக்கூடை. பத்து மணிக்குமேல் உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. ஒதுங்க மறைவும் இருக்காது.

இதையெல்லாம் படமெடுத்து இரண்டு காரியம் செய்ய நினைத்தோம். ஒன்று, காலுறை, கண்ணாடி, குடிநீர், கழிப்பறை கேட்டு ஒரு மனு. இரண்டு, சென்னையில் நண்பர்கள் ஏற்பாடு செய்த ஒரு சிறு கண்காட்சி. படங்களைப் பார்த்த ஒரு நண்பர், "கலர்ல இருந்தா டூரிஸ்ட் போட்டோ மாதிரி இருக்கு. பிளாக் அண்ட் ஒயிட்டாக்குங்க, ஒரு கனம் வரும்" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரிய பெரிய புகைப்படக்காரர்களின் தொழிலாளர் படங்களெல்லாம் கருப்பு-வெள்ளையில்தானே பார்த்திருக்கிறோம்!

கண்காட்சி நன்றாக நடந்தது. "என்ன வலி, என்ன அழுத்தம்" என்று பலர் பாராட்டினார்கள். சந்தோஷமாக ஊர் திரும்பி, காலனியில் அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக்கூடத்துச் சுவரில் அதே படங்களை ஒட்டினோம். சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். முதலில் சிரிப்பு, பிறகு ஒரு மாதிரி அமைதி. கடைசியில் ஓர் அக்கா தன் படத்துக்கு முன்னால் நின்று கேட்டார்:

"ஏம்மா, நான் இன்னும் சாகலையே. இன்னாத்துக்கு என்னை இப்டிப் போட்டு வச்சிருக்கீங்க?"

நாங்கள் ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. "அன்னிக்கி நான் கட்டினு வந்தது மாம்பழக் கலர் சேலை. எம் பொண்ணு மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்தது. நீங்க போட்டோ புடிக்க வர்றீங்கன்னு சொன்னதாலதான் அதைக் கட்டினேன். சட்டைக்கு மேல தெரியட்டும்னு முந்தானையை வெளிய இழுத்து விட்டுக்கினு நின்னேன். அது எங்க?"

படத்தில் முந்தானை இருந்தது, மாம்பழம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு துணி. பழைய அழுக்குத் துணி என்று கண்காட்சிக்கு வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த 'அழுத்தத்தில்' அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். தன்னிடம் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்ற ஒரு பெண்ணை, கிழிசல் கட்டியவளாக நாங்கள் சென்னைக்குக் கொண்டுபோயிருக்கிறோம்.

அன்றிரவு உட்கார்ந்து, நிறத்தை எடுக்கும்போது உண்மையில் என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தோம். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கருப்பு-வெள்ளையாக்கும்போது இந்த மூன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் சிவப்புக்கு சுமார் 30 விழுக்காடு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. மனிதக் கண் பச்சையை அதிக வெளிச்சமாகவும் நீலத்தை மிகக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்வதால் வந்த கணக்கு இது. இதன்படி முழுப் பச்சை 150 ஆகிறது, முழுச் சிவப்பு 76, முழு நீலம் வெறும் 29. அதாவது நீலம் கிட்டத்தட்ட கருப்பாகிவிடும்.

அண்ணலின் கோட்டுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் படங்களில் ஒன்றில் பின்னணியில் கூண்டுக்குள் சிலை இருந்தது. நிறத்தை எடுத்தபின் அது யாரோ ஒரு தலைவரின் சிலை. நீலமும் சிவப்புமான கொடி பறந்த இடத்தில் இரண்டு இருட்டுப் பட்டைகள். எந்தக் கொடிக்காக இந்த மண்ணில் கம்பம் வெட்டப்படுகிறதோ, எந்த நிறத்துக்காகச் சிலைக்குக் கூண்டு போட வேண்டியிருக்கிறதோ, அது எங்கள் படத்தில் இல்லவே இல்லை. 2013 ஏப்ரல் 25இல் தலித் வீடுகள் எரிக்கப்பட்ட ஊர் மரக்காணம். அந்த ஊரின் படத்திலிருந்து நாங்களே நீலத்தை எடுத்துவிட்டு, இதுதான் யதார்த்தம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

நிறம் போனால் சாதி அடையாளமும் போகும், அது நல்லதுதானே என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் நிறம் சாதியைச் சுமக்கிறது. நாங்குநேரித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளி மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. ஆனால் ஒடுக்குகிறவன் தன் கையில் கட்டிக்கொள்ளும் கயிறும், ஒடுக்கப்பட்டவன் தன் தெருவில் ஏற்றும் நீலமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சாம்பலாக்குவது சமத்துவம் ஆகிவிடாது.

இன்னொரு விஷயம் இதைவிட வெட்கக்கேடானது. கருப்பு-வெள்ளையாக்கும் செயலிகளில் ஒவ்வொரு மூல நிறத்துக்கும் தனித்தனி சிலைடர் இருக்கும். எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு இருள வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். மனிதத் தோல் கருப்போ மாநிறமோ சிவப்போ, அதன் அடிப்படை நிறம் ஆரஞ்சு பக்கம்தான் இருக்கிறது. எனவே ஆரஞ்சு சிலைடரை வலப்பக்கம் தள்ளினால் தோல் வெளுக்கும். இடப்பக்கம் தள்ளினால் கருக்கும். நாங்கள் இடப்பக்கம் தள்ளினோம். வெள்ளை உப்பு, அதன் நடுவே கரிய உடல். பார்ப்பவர்கள் அசந்துபோனார்கள். அந்த அக்காவை அவர் இருப்பதைவிடக் கருப்பாக ஆக்கியது வெயில் இல்லை, எங்கள் கட்டைவிரல்.

கருப்பு எங்களுக்கு இழிவான நிறம் இல்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இந்தப் பக்கத்தின் வாசகர்களிடம் இல்லை. 'காலா' (2018) படத்தின் இறுதிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் திரை முழுக்கப் பறந்தபோது கைதட்டியவர்கள்தான் நாங்களும். பிரச்சினை நிறத்தில் இல்லை, யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பம் போடும்போது கேட்காமலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளுக்க வைத்துவிடுவார்கள். அதைக் கேலி செய்து நாங்களே எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். கண்காட்சிக்காக நாங்கள் செய்ததும் அதே வேலைதான், திசை மட்டும் வேறு. அவர்கள் சம்பந்திவீட்டுக் கண்ணுக்காக வெளுக்க வைக்கிறார்கள், நாங்கள் சென்னைக் கண்ணுக்காகக் கருக்க வைத்தோம். இரண்டிலும் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முதுகலை வகுப்பில் படித்ததுதான். ஆனால் படித்ததை எங்கள் கையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 1868க்கும் 1875க்கும் இடையில் ஆங்கிலேய அரசு 'இந்தியாவின் மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. சாதிவாரியாக, இனவாரியாக மனிதர்களை நிற்கவைத்து எடுத்த படங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் எடுத்தார். அப்போது அவர்களிடம் இருந்த கருவி ஒற்றை நிறத்தில்தான் படம் பிடிக்கும், அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, பிடித்த நிறம் இல்லை, அன்றைக்கு என்ன கிழமை என்பதுகூட இல்லை. 'ஒரு பறையர்', 'ஒரு இருளர்' என்று வகைமாதிரியாக நிற்கிறார்கள். கண்காட்சியில் எங்கள் படங்களுக்குக் கீழே நாங்கள் எழுதிய தலைப்பு என்ன தெரியுமா? 'உப்பளத் தொழிலாளி, மரக்காணம்.' பாடத்தில் தர்ஸ்டனை விமர்சித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்.

அதற்காகக் கருப்பு-வெள்ளையே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1984 போபால் நச்சுவாயுப் படுகொலையில் இறந்த ஒரு குழந்தையைப் புதைக்கும்போது இரண்டு புகைப்படக்காரர்கள் அங்கே இருந்தார்கள். ரகுராய் கருப்பு-வெள்ளையில் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்தில் எடுத்தார். மண்ணுக்குள்ளிருந்து தெரியும் அதே முகம், அதே திறந்த கண்கள். வண்ணப்படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. கருப்பு-வெள்ளைப் படம் போபாலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இரண்டில் எது உண்மை என்று கேட்க முடியாது. மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சுதாரக் ஓல்வே எடுத்த கருப்பு-வெள்ளைப் படங்களும் நம்மால் மறக்க முடியாதவை. அந்த மனிதர்களோடு அவர் செலவழித்த காலம் அந்தப் படங்களில் தெரிகிறது.

வண்ணமும் யோக்கியமானது இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருளின் தரத்தைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது வெள்ளைக்காரப் பெண்ணின் படம் கொண்ட 'ஷெர்லி அட்டை'யை. வெள்ளைத் தோல் சரியாக வந்தால் போதும் என்று இருந்ததால் கருப்புத் தோலின் நுணுக்கங்கள் அந்தச் சுருளில் சரியாக விழவில்லை. ஆக, எந்தக் கருவியும் யாரோ ஒருவரின் கண்ணை உள்ளே வைத்துத்தான் வருகிறது. கேமரா பதிவு செய்த நிறத்தைத் தூக்கி எறிவதற்கு முன் நாங்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்காததற்குக் கொடுத்த விலை மனுவில் தெரிந்தது. இன்னோர் அம்மாவின் கால் படம் அது. உப்புத்தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கிலும் குதிகாலிலும் வெடித்து, சிவந்து, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. அதையும் கண்காட்சிப் படங்களோடு சேர்த்து மாற்றிவிட்டோம். மனுவோடு இணைத்துக் கொடுத்தபோது, ஓர் அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்தவர், "சேத்துல நின்னா சேறு ஒட்டத்தான் செய்யும்" என்றார். கோபம் வந்தது. வெளியே வந்து நாங்களும் படத்தைப் பார்த்தோம். சேறு மாதிரிதான் இருந்தது. சிவப்பு இல்லாமல் புண்ணுக்கும் சேற்றுக்கும் வித்தியாசமில்லை. மஞ்சள் இல்லாமல் சீழ் தெரியாது. அந்த மனிதர் அலட்சியமாகப் பேசினார் என்பது உண்மை. அப்படிப் பேச அவருக்கு வழி செய்து கொடுத்தது நாங்கள் என்பதும் உண்மை.

மூலப் படத்தைத் தேடினோம். கைபேசியில் இடமில்லை என்று பழையதையெல்லாம் அழித்திருந்தோம். நண்பர்களுக்கு அனுப்பியதெல்லாம் மாற்றிய பிறகான படங்கள். அங்கே இங்கே தேடி 29 படங்களின் வண்ணப் பிரதிகள் கிடைத்தன, ஏழு கிடைக்கவில்லை. கால் படம் அந்த ஏழில் ஒன்று. மாம்பழச் சேலை இன்னொன்று. அந்த அம்மாவுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாததால் கால் ஓரளவு ஆறியிருந்தது. ஆறியது நல்லதுதான். ஆனால் சாட்சியம் போய்விட்டது. அடுத்த பருவத்தில் அவருக்குப் புண் வரும்வரை காத்திருந்து படமெடுப்பதா? அப்படி ஒரு நினைப்பு எங்களுக்குள் வந்து போனதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்து நிறத்தைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். முயன்றோம். வானம் நீலமாக வந்தது, உப்பு வெள்ளையாக வந்தது. அக்காவின் சேலை மண் நிறத்தில் வந்தது. மூன்று எண்களை ஒன்றாக்கிவிட்ட பிறகு அந்த ஒன்றிலிருந்து பழைய மூன்றைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. செயலி யூகிக்கத்தான் செய்யும். உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருப்பாள் என்று அது யூகித்தது மண் நிறம். அக்காவிடம் காட்டினோம். "இது யாரு சேலை?" என்றார்.

வேலை செய்கிறவர்களுக்கு உப்பளத்தில் நிறம் அழகுக்கான விஷயம் இல்லை. கடல்நீர் போமே அளவில் சுமார் 3 டிகிரி. அது வெயிலில் வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியும். அந்த அளவுக்கு உப்பேறிய நீரில் வேறு உயிர்கள் தாங்காது. டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களும் மட்டும் பெருகி, தண்ணீரை இளஞ்சிவப்பாக மாற்றும். கருவி இல்லாமலே பாத்தியின் நிறத்தையும் மேலே கட்டும் ஆடையையும் பார்த்து எப்போது வார வேண்டும் என்று எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் கற்ற படிப்பு. நாங்கள் மாற்றிய படங்களில் பாத்தியெல்லாம் ஒரே சாம்பல். அவர்களின் உழைப்பைக் காட்டினோம், அறிவை அழித்துவிட்டோம்.

சமுதாயக்கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. சுவரில் எங்கள் படங்களுக்கு மேலே பாபாசாகேப் படம் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் புத்தகம். அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவருடைய படங்களில் பெரும்பாலானவை கருப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டவை. அவற்றுக்கு நிறம் கொடுத்தவர்கள் நம் மக்கள். சுவரெழுத்துக்காரர்களும் சிலை செய்பவர்களும் நாட்காட்டி அச்சிடுபவர்களும், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியில் இருந்த நீலத்தை அவர் தோளில் போட்டுவிட்டார்கள். அவர்கள் யாரும் நிறக் கணக்குப் படித்தவர்கள் இல்லை. கருப்பு-வெள்ளையில் கிடைத்த தலைவரை வண்ணத்தில் உயிரோடு வைத்துக்கொண்டது நம் சனம். வண்ணத்தில் உயிரோடு இருந்த சனத்தைக் கருப்பு-வெள்ளையாக்கியது படித்த நாங்கள்.

இப்போது சில விஷயங்களை வழக்கமாக்கியிருக்கிறோம். மூலப் படத்தை அழிப்பதில்லை, இரண்டு இடத்தில் வைக்கிறோம். புண், வீக்கம், தீக்காயம் என்று சாட்சியமாக நிற்க வேண்டிய எதையும் வண்ணத்திலேயே வைக்கிறோம், பக்கத்தில் ஓர் அளவுகோலையும் தேதியையும் சேர்த்து. மனுவுக்கு ஜெராக்ஸ் போட்டால் எல்லாம் கருப்பு-வெள்ளையாகிவிடும் என்பதால், படங்களை மட்டும் வண்ணத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதியோடும் இணைக்கிறோம், செலவு கூடினாலும். தோலின் நிறத்தில் கை வைப்பதில்லை. கண்காட்சி என்றால் முதலில் ஊரில், பிறகுதான் சென்னை. படத்தில் இருப்பவரிடம் இரண்டு விதமாகவும் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறோம்.

கேட்டால் எல்லோரும் வண்ணம்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தோம். அதுவும் எங்கள் முன்முடிவுதான். பம்புசெட்டில் வேலை செய்யும் ஒரு தாத்தா தன் கருப்பு-வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு, "சிவாஜி படத்துல வர்ற மாதிரி கீறேன், இதே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போய் வீட்டில் மாட்டிவிட்டார். கேட்டிருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும்.

புதிய படங்களோடு மனுவைத் திரும்பக் கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது மட்டும் வந்திருக்கிறது. அதற்குள் இந்தப் பருவம் தொடங்கிவிட்டது. போன வாரம் உப்பளத்துக்குப் போனபோது அக்கா வாருபலகையை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து, "இந்த வாட்டி போனை எங்கிட்டக் குடு" என்றார். கொடுத்தோம். எங்கள் மூவரையும் பாத்திக்கு நடுவே செருப்பைக் கழற்றச் சொல்லி நிற்க வைத்து எடுத்தார். வெளிச்சம் தாங்காமல் மூன்று பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஓரத்தில் அக்காவின் விரல் கொஞ்சம் தெரிகிறது. அந்தப் படத்தை எதுவும் செய்யாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.